ஹெரால்டு புராணம்: கழற்று படலம்

டிரையம்ப் ஹெரால்டு கன்வர்ட்டிபிள் ஒன்றை வாங்கி மறுபடி ரோட்டில் விட ஆசைப்படுகிறவர், ஸ்பேனர் வாங்குவதற்கு முன்னால் கோவென்ட்ரி நகரத்துப் பங்காளிச் சண்டைகளைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. அந்த வண்டியில் துருப்பிடிக்கிற இடம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு போர்டு மீட்டிங் இருக்கிறது. லொடலொடக்கிற போல்ட்டு ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒரு முதலாளியின் வீறாப்பு இருக்கிறது. மற்ற கார்களுக்கு மெக்கானிக் போதும். ஹெரால்டுக்கு, யாராவது பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் படித்துச் சொன்ன பிறகுதான் ஜாக்கி வைக்க வேண்டும்.

கதை சர் ஜான் பிளாக்கிடம் தொடங்குகிறது. ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் மேனேஜிங் டைரக்டர். ராஜ தோரணை, மூக்கு நுனியில் கோபம். வில்லியம் லயன்ஸ் என்பவருக்கு இன்ஜின் சப்ளை செய்துகொண்டிருந்தார். அந்த லயன்ஸ் பிற்பாடு ஜாகுவார் என்று பெயர் வைத்துக்கொண்டு கண்ணெதிரே வளர்ந்ததை மனுஷனால் சீரணிக்க முடியவில்லை. நமக்கும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் பேர் வேண்டும் என்று, நொடித்துக் கிடந்த டிரையம்ப் கம்பெனியை 1944-ல் வாங்கிப் போட்டார். அதன் தொழிற்சாலையை ஜெர்மன்காரன் குண்டு போட்டு ஏற்கெனவே நொறுக்கியிருந்தான். ஆக, கையில் கிடைத்தது ஒரு பெயரும் கொஞ்சம் செங்கல்லும்.

1953 கடைசியில் பிளாக் ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் போனபோது, சொந்தத் தொழிற்சாலை வாசலிலேயே விபத்து. ஆள் படுத்துக் கிடந்த நேரம் பார்த்து, அதுவரை அவரிடம் திட்டு வாங்கியே வயிறு நிறைந்திருந்த டைரக்டர்கள் ஒன்றுகூடினார்கள். 1954 தொடக்கத்தில் ராஜினாமா. ஊருக்குச் சொன்ன காரணம் உடல்நலக் குறைவு. இடத்துக்கு வந்தவர் ஆலிக் டிக், வயது முப்பத்தேழு. அவர் நாற்காலியில் உட்காரும்போதே அடியில் முள் இருந்தது.

அந்த முள்ளின் பெயர் ஃபிஷர் அண்ட் லட்லோ. ஸ்டாண்டர்டு கார்களுக்குப் பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனி. 1953-ல் அதைப் போட்டிக்காரனான பி.எம்.சி. விலைக்கு வாங்கிவிட்டது. இப்போது இருக்கிற மாடல்களுக்குச் செய்து தருகிறோம், அடுத்த மாடலுக்கு வேறு கடையைப் பாருங்கள் என்று கையை விரித்தார்கள். அந்தக் காலகட்டத்தில் உலகமே சேஸிஸைத் தூக்கிப் போட்டுவிட்டு, பாடியே எலும்புக்கூடாக நிற்கிற மோனோகாக் கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தது. அப்படி ஒரே வார்ப்பாகப் பெரிய பாடியைச் செய்து தர ஸ்டாண்டர்டுக்கு ஆள் கிடைக்கவில்லை. சின்னச் சின்னப் பட்டறைகள்தான் கிடைத்தன. ஒருத்தன் மூக்கைச் செய்வான், இன்னொருத்தன் முதுகைச் செய்வான்.

சரி, அப்படியே ஆகட்டும் என்றார் தலைமை இன்ஜினியர் ஹாரி வெப்ஸ்டர். கீழே பழைய பாணியில் தனி சேஸிஸ். மேலே தனித்தனித் துண்டுகளாகப் பாடி. எல்லாவற்றையும் போல்ட்டுப் போட்டு இறுக்கிவிட்டால் கார். 1959-ல் புத்தம் புதிதாக வந்த ஒரு காரில் தனி சேஸிஸ் ஏன் என்று கேட்டவர்களுக்கு, பராமரிக்க வசதி என்று விளம்பரத்தில் பதில் சொன்னார்கள். உண்மைக் காரணம், மாமியார் வீட்டில் சேர்க்கவில்லை என்பதுதான்.

அழகு விஷயத்தில் வேறு தொல்லை. கம்பெனிக்குள் வரைந்த படங்கள் எல்லாம் அரசாங்க அலமாரி மாதிரி இருந்தன. வெப்ஸ்டர் டூரின் நகரத்துக்குப் போய் கார் வடிவமைப்பாளர் ஜொவான்னி மிகெலாட்டியைப் பிடித்தார். அங்கேயும் ஆரம்பத்தில் ஒன்றும் தேறவில்லை. கடைசியில் மிகெலாட்டி பழைய தாள்களை ஒதுக்கிவிட்டுச் சில நிமிடங்களில் கோடு இழுத்தார், அதுதான் ஹெரால்டு என்று கதை சொல்வார்கள். மாதிரி வண்டியை டூரினிலேயே விக்னாலே பட்டறையில் அடித்து கோவென்ட்ரிக்கு அனுப்பினார்கள். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். திட்டத்துக்கு ரகசியப் பெயர் ஸோபோ. யாக் எருதுக்கும் சாதாரணப் பசுவுக்கும் பிறக்கிற திபெத்தியக் கலப்பினப் பொதிமாடு. நேர்மையான மனிதர்கள்.

1959 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அறிமுகம். மேடைக்குப் பாகங்களைக் கொண்டுவந்து மெக்கானிக்குகள் மூன்றே நிமிடத்தில் ஒரு ஹெரால்டைப் பூட்டிக் காட்டினார்கள். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. இன்று கொட்டகையில் ஹெரால்டைப் பிரித்துப் போட்டுவிட்டு, மனைவி முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற ஆண்கள் அத்தனை பேரும் அந்த மூன்று நிமிடத்தை நம்பிக் கெட்டவர்கள்தான்.

துண்டுகளாகப் பிறந்த வண்டி என்பதால் ஒரு லாபமும் இருந்தது. கூரையும் ஒரு துண்டுதானே? அதைப் போடாமல் விட்டால் கன்வர்ட்டிபிள். சேஸிஸ்தான் பாரம் சுமக்கிறது, கூரை போனாலும் வண்டி நடுவில் வளையாது. 1960-ல் கன்வர்ட்டிபிள் வந்தது, நாலு பேர் உட்காரலாம், மடக்குத் துணிக்கூரை. மோனோகாக் கார்க்காரர்கள் இதே வேலையைச் செய்ய அடித்தளத்தில் இரும்பைக் கொட்டிக்கொண்டிருந்தபோது, ஸ்டாண்டர்டு-டிரையம்ப் சில போல்ட்டுகளை மிச்சம் பிடித்தது.

இந்த வசதிதான் இன்று வாங்குகிறவருக்கு முதல் வில்லங்கம். இரண்டு கதவு சலூனின் கூரையைக் கழற்றிப் பின்பக்கத்தை மாற்றி, கன்வர்ட்டிபிள் என்று விலை ஏற்றி விற்கிற கெட்டிக்காரர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார்த்துப் பயனில்லை. கம்பெனி அடித்த சேஸிஸ் எண் தகட்டைப் பாருங்கள். எண்ணின் வாலில் சி.வி. என்று இருந்தால் பிறக்கும்போதே கூரையில்லாத வண்டி. டி.எல். என்றிருந்தால் மொட்டையடித்துக்கொண்ட சலூன். மொட்டையும் ஓடத்தான் செய்யும், அந்த விலைக்கு வாங்கினால்.

அடுத்து, வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். பெயின்ட்டைப் பார்த்து மயங்கி வாங்கியவர்கள் எல்லாரும் இந்தக் கட்டத்தில்தான் மௌனமாகிறார்கள். நடுவே இரண்டு முதன்மை இரும்புகள் ஓடும். அவற்றிலிருந்து இரண்டு பக்கமும் கைகள் நீண்டு பாடியைத் தாங்கும். பாடித் துண்டுகளின் சந்துகள் வழியாகத் தண்ணீர் இறங்குவதை எந்த ரப்பர் சீலும் முழுசாகத் தடுத்ததில்லை. இறங்கிய தண்ணீர் அந்தக் கைகளில்தான் தங்கும். ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், உள்ளே போனால் வெல்டிங் நிச்சயம். கைகள் போனால் புதுசு கிடைக்கிறது, மாற்றிக்கொள்ளலாம். டிஃபரன்ஷியலைத் தாங்குகிற இடத்தில் முதன்மை இரும்பே போயிருந்தால், பேச்சை மாற்றி டீ குடித்துவிட்டுக் கிளம்புவதுதான் மரியாதை.

பாடியைத் தூக்கி வைத்துவிட்டு சேஸிஸை நிர்வாணமாக நிறுத்தி வேலை செய்ய முடிகிற கடைசிக் குடும்பக் கார்களில் இதுவும் ஒன்று. நாலைந்து நண்பர்களும் அவர்களுக்குச் சோறும் இருந்தால் போதும், கிரேன் வேண்டாம். திரும்ப இறக்கி வைப்பதில்தான் சூட்சுமம். பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே மெல்லிய தகடுகளை வைத்து, கதவு இடைவெளி மேலிருந்து கீழே ஒரே அளவாக வருகிற வரைக்கும் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கதவைத் தொங்கவிட்டுப் பார்க்காமல் எந்த போல்ட்டையும் இறுதியாக இறுக்கக் கூடாது. சலூனில் சின்னக் கோணலைக் கூரை பிடித்து மறைத்துவிடும். கன்வர்ட்டிபிளில் கதவு ஊருக்கே காட்டிக்கொடுக்கும்.

போல்ட்டுப் பாடி இன்னொரு இடத்திலும் பழிவாங்கும். அந்தக் காலத்து ஒயரிங்கில் விளக்குகளுக்கு எர்த் என்பது பாடி இரும்புதான். ஒரே துண்டாக இருந்தால் பிரச்சினை இல்லை. இங்கே துண்டுக்குத் துண்டு நடுவில் பெயின்ட்டும் துருவும் உட்கார்ந்திருக்கும். ஹெட்லைட் மங்கினால் எல்லாரும் பல்பை மாற்றுகிறார்கள், அப்புறம் டைனமோவை மாற்றுகிறார்கள், அப்புறம் இங்கிலாந்து தேசத்தையே திட்டுகிறார்கள். பேட்டரியிலிருந்து தனியாக ஒரு எர்த் ஒயர் இழுத்து முன்னுக்கும் பின்னுக்கும் கொடுத்தால் பாதி வியாதி போய்விடும். பழைய வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

முன்பக்கம் போவோம். பானெட், இரண்டு மட்கார்டு, விளக்குகள் எல்லாம் சேர்ந்து மொத்தமாக முன்னோக்கிக் கவிழும். டயர் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து கார்புரேட்டர் டியூன் பண்ணலாம். மெக்கானிக்கின் முதுகைப் பற்றி யோசித்த வண்டி உலகத்தில் அபூர்வம். இதற்காகவே வெப்ஸ்டருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

போட்ட கையோடு சக்கரத்துக்குப் பின்னால் பாருங்கள். சக்கரத்தைத் தாங்குகிற இரும்புத் தண்டின் அடிநுனியில் மரை வெட்டி, அதை ஒரு வெண்கலக் கட்டிக்குள் திருகியிருப்பார்கள். அதன் பெயர் டிரன்னியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழலும். அதற்குள் 90 நம்பர் கியர் ஆயில் விட வேண்டும். கிரீஸ் கன்னைக் கையில் எடுக்கிறவர்களை அங்கேயே நிறுத்துங்கள். கிரீஸ் மேலேயே கட்டிக்கொண்டு அடி மரை வரை இறங்காது, அங்கே தண்ணீர் தேங்கும், இரும்பு துருப்பிடிக்கும், ஒருநாள் பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது தண்டு முறிந்து சக்கரம் படுத்துக்கொள்ளும். பார்க்கிங்கில் என்றால் அதிர்ஷ்டம். வண்டி அறிமுகமானபோது இதில் கிரீஸ் அடிக்க வேண்டிய இடமே கிடையாது என்று பெருமையடித்து விளம்பரம் செய்தார்கள். படித்தவர்கள் கிரீஸோடு ஆயிலையும் சேர்த்து மறந்தார்கள். இத்தனை வசவு வாங்கும் இதே முன் அமைப்பைத்தான் காலின் சாப்மன் எடுத்து லோட்டஸ் எலானில் போட்டார். உலகம் அந்தக் காரின் திருப்பத்தைப் பார்த்துப் பாடிய புகழில் கொஞ்சம் ஹெரால்டுக்குச் சேர வேண்டியது. ஆயில் விட்டால் நல்ல சாமான்தான்.

பின்பக்கம் அப்படிச் சொல்ல முடியாது. நாலு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் என்று மார் தட்டினார்கள். பின்னால் அதை மலிவாகச் செய்த விதம் ஸ்விங் ஆக்ஸில். குறுக்கே ஒரே ஒரு வில்பட்டை, இரண்டு பக்கமும் ஆடுகிற அரை ஆக்ஸில். நேர் ரோட்டில் சொகுசு. வளைவில் வேகமாக நுழைந்து, நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் எழும்பும், வெளிச்சக்கரம் அடியில் மடங்கும், வண்டி வந்த வழியைத் திரும்பிப் பார்க்கும். அமெரிக்காவில் ரால்ஃப் நேடர் 1965-ல் கார்வேர் காரின் இதே ஜாதி ஆக்ஸிலைப் பற்றி எழுதித்தான் புகழ்பெற்றார். கோவென்ட்ரியில் அப்படிப் புத்தகம் எழுத ஆளில்லை. நிதானமாகப் போங்கள் என்றார்கள்.

இதற்குள் முதலாளி மாறிவிட்டார். 1961-ல் லாரி செய்கிற லேலண்டு கம்பெனி, நஷ்டத்தில் தத்தளித்த ஸ்டாண்டர்டு-டிரையம்பை விழுங்கியது. ஆலிக் டிக் அதே ஆண்டில் வீட்டுக்கு. சொத்துக் கணக்கெடுக்க வந்த லேலண்டுக்காரர்கள் தொழிற்சாலை மூலையில் துணி போட்டு மூடியிருந்த ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்களாம். ஹெரால்டு சேஸிஸைக் குறுக்கி மிகெலாட்டி செய்து வைத்திருந்த இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். காசில்லாமல் கிடப்பில் போட்டது. அதுதான் 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்று வெளியே வந்து, 1980 வரை மூன்று லட்சத்துக்கு மேல் விற்றது. அந்தத் துணியை யாரும் தூக்கியிருக்காவிட்டால் இன்று ஹெரால்டுக்காரர்கள் நடுத்தெருவில்தான். தம்பிக்காகச் செய்து குவித்த உதிரிபாகங்களில்தான் அண்ணன் இன்னும் உயிரோடு இருக்கிறான்.

பின் ஆக்ஸிலுக்கு மருந்து வந்ததும் தம்பிக்குத்தான். 1970-ல் புது ஸ்பிட்ஃபயரில், வில்பட்டையின் ஒரே ஒரு இலையை மட்டும் இறுக்கிப் பிடித்துவிட்டு மற்ற இலைகளைத் தாமாக அசைய விட்டார்கள். சக்கரம் மடங்குவது அடங்கிப்போனது. ஹெரால்டுக்கு இதைத் தராமலேயே 1971-ல் மூடுவிழா நடத்தினார்கள். ஐந்து லட்சத்துக்கு மேல் செய்த வண்டிக்கு இந்தக் கருமித்தனம். இன்று ஓட்டுவதற்காகவே ஹெரால்டு கட்டுகிறவர்கள் அந்த ஸ்பிட்ஃபயர் பட்டையை வாங்கி மாட்டுகிறார்கள். மாட்டும்போது முன்பக்க ஆன்ட்டி ரோல் பாரையும் தடிமனாகப் போட வேண்டும், அது இல்லாவிட்டால் வளைவில் வண்டி ஒரேயடியாகச் சாயும். கூடவே தம்பி வீட்டு டிஸ்க் பிரேக்கும். அசல் அசல் என்று ஒற்றைக் காலில் நிற்கிற சுத்த சைவக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்கள் டிரக்கில் ஏற்றித்தான் கண்காட்சிக்கு வருவார்கள், கவலைப்படாதீர்கள்.

மெட்ராஸில் இதே நோய்க்குச் செய்த வைத்தியம் வேறு. 1961 முதல் வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா இதே வண்டியை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று செய்தது. நம்மாட்களுக்கு இரண்டு கதவு கார் ஒத்துவரவில்லை. பின்சீட்டுப் பெரியவர் முன்சீட்டை மடக்கி ஏறுவாரா? நாலு கதவு வைத்தார்கள். உலகத்தில் நாலு கதவு ஹெரால்டு இங்கே மட்டும்தான். ஆடுகிற ஆக்ஸிலோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், 1972-ல் கஸெல் என்று பெயர் மாற்றியபோது அந்த ஆக்ஸிலையே பிடுங்கி எறிந்துவிட்டுச் சாதாரண ஒற்றைத் தண்டு ஆக்ஸிலைப் பொருத்தினார்கள். எந்த ஆராய்ச்சிக் கட்டுரையையும் விட நேரடியான தீர்ப்பு.

இன்ஜின் விஷயத்தில் இரண்டு ஊருக்கும் சோதனை ஒன்றுதான். ஹெரால்டில் வந்த 948 சிசி இன்ஜினின் பூர்வீகம் 1953-ன் ஸ்டாண்டர்டு எய்ட்டில் வந்த 803 சிசி. அதையே பெரிதாக்கிப் பெரிதாக்கி 1147, 1296, கடைசியில் 1493 வரை கொண்டுபோனார்கள். ஜென்மப் பகையாளி எம்.ஜி. மிட்ஜெட்டுக்கே 1974-ல் இந்த டிரையம்ப் இன்ஜினைத்தான் போட்டார்கள், ஒரே கம்பெனிக்குள் வந்துவிட்ட கொடுமை. என்னைக் கேட்டால் 1296 போதும், இனிமையாகச் சுழலும். 1493-ல் கிராங்குக்கு மூச்சு வாங்கும். எது போட்டாலும் கிராங்க் முன்பின் நகராமல் பிடித்துக்கொள்ள அரைவட்டமாக இரண்டு திரஸ்ட் வாஷர் இருக்கும். தேய்ந்தால் நழுவி ஆயில் சம்ப்பில் விழும். சென்னைக் கொட்டகைகளில் இதற்கு ஸ்கேனர் எல்லாம் கிடையாது. பானெட்டைக் கவிழ்த்துவிட்டு, கிராங்க் புல்லிக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்த பெரியவர் குரல் கொடுப்பார்.

“சார், கிளட்ச்ச மிதிங்க.”

“மிதிச்சுட்டேண்ணே.”

“விடுங்க... மறுபடி மிதிங்க. என்ன விலைக்கு வாங்கினீங்க?”

“ஏண்ணே?”

“ஒண்ணுமில்ல. நீங்க மிதிக்கும்போதெல்லாம் புல்லி முன்னால வந்து எனக்கு வணக்கம் வெக்குது.”

வணக்கம் கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருந்தால் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணவே கூடாது. சம்ப்பை இறக்கிப் புது வாஷர் போட்டால் சில்லறைச் செலவு. விட்டுவிட்டால் பிளாக்கே போகும்.

பெட்ரோலில் வேறு இப்போது எத்தனால். இங்கிலாந்தில் 2021 முதல் 10 சதவீதம், நம் பெட்ரோல் பங்க்குகளில் 20. அந்தக் காலத்து ரப்பர் குழாயையும் பம்ப் டயஃப்ரத்தையும் அது ஊறவைத்துத் தின்றுவிடும். எத்தனால் தாங்குகிற குழாய்க்கு மாற்றாமல் முதல் சவாரி போகாதீர்கள், சூடான எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்திலேயே கார்புரேட்டர் இருக்கிறது.

இங்கிலாந்து அரசாங்கம் 2018-ல், பெரிய மாற்றம் எதுவும் செய்யாத நாற்பது வயது தாண்டிய கார்களுக்கு வருடாந்தரத் தகுதிச் சோதனையே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கருணையா, கைகழுவலா என்று புரியவில்லை. டிரன்னியன் எதில் ஊறிக் கிடக்கிறது என்று இனி எந்த இன்ஸ்பெக்டரும் கேட்க மாட்டார். அதனாலேயே விவரமானவர்கள் காசு கொடுத்துத் தாங்களாகவே சோதனைக்குக் கொண்டுபோகிறார்கள்.

இவ்வளவும் ஆன பிறகு ஓட்டிப் பாருங்கள். ஸ்டியரிங் லேசு, பானெட்டின் இரண்டு முனைகளும் கண்ணுக்குத் தெரியும், மணிக்கு 80 கிலோமீட்டரிலேயே 120-ல் போகிற ஆனந்தம். அதற்கு மேல் காற்று பேச்சை வாயிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். முதல் வருடங்களின் டாஷ்போர்டு அழுத்திச் செய்த அட்டைதான், மழையில் நனைந்தால் பாடநோட்டைப் போல ஊதும், கூரையை நேரத்தோடு மூடுங்கள். ஹெரால்டுக்காரர்கள் உண்மையில் காட்ட விரும்புவது வேகத்தை இல்லை. திரும்புகிற வட்டம் 25 அடி. லண்டன் டாக்ஸிக்குச் சமம். முன்சக்கரம் அநியாயத்துக்கு மடங்கும். பெரிய கார்க்காரன் மூன்று தடவை ரிவர்ஸ் போட்டு வியர்க்கிற சந்தில், கூரையைத் திறந்து போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் யூ-டர்ன் அடிப்பார்கள். பார்த்தவர்கள் போதாது என்று தோன்றினால் இன்னொன்றும் அடிப்பார்கள். இரண்டாவதில் இடப்பக்கக் கதவு தானாகத் திறந்துகொண்டால் பதற வேண்டாம், அந்த மூலையில் தகடு ஒன்று குறைகிறது.